லாரிக்குள் ஒரு கவுன்சிலிங்

எங்கள் ஊரில் போன் வழியாக மனசுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட முதல் வீடு எங்களுடையது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. எங்கள் தெருவில் முதலில் கக்கூஸ் கட்டியது நாங்கள். முதலில் சொந்தமாக மினி லாரி வாங்கியதும் நாங்கள். பெண்பிள்ளையை நர்ஸ் படிப்புக்குத் திருப்பதிக்கு அனுப்பி, அங்கிருந்து குவைத்துக்கும், குவைத்திலிருந்து லண்டன் பக்கத்தில் ஒரு ஊருக்கும் போகவிட்டதும் நாங்கள்தான். இதையும் நான் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது மகளிர் சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வருகிறார்கள். முருங்கைக்கீரை கேட்டு வந்தவர்கள் மாதிரி வந்து, கீரையைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு, போகிற நேரத்தில் திரும்பி நின்று மெதுவாகக் கேட்பார்கள். "ஏம்மா மேஸ்திரி, போன்ல பேசினா மனசு செரியாவுமா?" ஒருத்தியின் மகன் பெங்களூரில் ரூமை விட்டு வெளியே வருவதில்லையாம். இன்னொருத்தியின் மருமகள் பிள்ளை பெற்றதிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறாளாம். ஆகுமா, ஆகாதா என்று ஒரு சொல்லில் பதில் வேண்டும் அவர்களுக்கு. எனக்கு ஒரு சொல்லில் சொல்லத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்லலாம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி எழுதினேன், பிழையை மகள் திருத்தினாள். பேச்சில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி என்றால் கட்டட வேலை மேஸ்திரி இல்லை. எங்கள் ஊர் ஆந்திராவுக்குள், கார்வேட்டிநகரத்துக்குப் பக்கம்; வீட்டுப் பேச்சு தமிழ்தான். சித்தூரைச் சுற்றி மாம்பழ ஜூஸ் ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாக முளைத்த காலத்தில், சீசனுக்குப் பெண்களைத் திரட்டி வேலைக்குக் கூட்டிப்போகிற மேஸ்திரி ஆனேன். அதற்கு முன்னால் எங்களுக்குக் கையகல நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில் நாற்று நட்டால் வரப்போரம் ஒதுங்கி நின்றுதான் கூழ் வாங்கிக் குடிக்க வேண்டும். ஃபாக்டரி வந்த பிறகு, கூழ் ஊற்றினவர் வீட்டு மருமகளும் நானும் ஒரே நீலத் தொப்பி போட்டுக்கொண்டு பழம் ஓடுகிற ஒரே பெல்ட்டின் முன்னால் நின்றோம். கொஞ்ச நாளில் அவள் என் கையின் கீழ் நின்றாள்.

நாற்பது பெண்கள். ரெஜிஸ்தரைப் பார்க்காமலே இன்று யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று சொல்வேன். சூப்பர்வைசர் என் ஆட்களில் யாரை என்ன கேட்டாலும் பதில் என் வாயிலிருந்துதான் வரும். "அந்தம்மாவ ஏன் கேக்கற, என்ன கேளு" என்பேன். அப்படித்தான் அந்த நாற்பது பேரையும் ஒருவன் ஒரு சொல் சொல்லாமல் காப்பாற்றி வந்தேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த ஃபாக்டரிக்கு விடிந்ததும் முதல் லோடு கொண்டுவருவது என் வீட்டுக்காரர். மண்டியில் வைக்கோலில் போட்டுப் பழுக்கவைத்த பெங்களூரா மாம்பழம். அது சின்ன ஃபாக்டரி, அவர் வண்டி வந்தால்தான் பெல்ட் ஓடும். ஒரு நாள் வழியில் யாரோ ஒரு டிரைவரின் வண்டி நின்றுவிட்டதென்று இறங்கி உதவி செய்துவிட்டு, மத்தியானம் வந்து சேர்ந்தார். அடியில் இருந்த பழமெல்லாம் கசிந்துவிட்டது. என் பெண்கள் பாதி நாள் சும்மா நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் எல்லாரும் பார்க்க, ஃபாக்டரி கேட்டுக்கு முன்னால் அவரை நிற்கவைத்துத் திட்டினேன். அன்றிலிருந்து அவர் வண்டி எடுக்கும்போதெல்லாம் நான் சொல்கிற சொல் ஒன்றுதான். "எங்கியும் நிக்காம வா. நாப்பது பொம்பளைங்க என் மூஞ்சியப் பாத்துகினு நிப்பாங்க." அதற்குப் பிறகு அவர் தாமதமாக வந்ததே இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்தே ஃபாக்டரியை ஓட்டியதாக நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு.

இரண்டு சீசன் போனது. அப்போது மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு நாள், சித்தூர் ரோடு வேண்டாம், இனி நாயுடுபேட்டைப் பக்கம் ஓட்டுகிறேன் என்றார். அங்கே வருஷம் பூராவும் லோடு கிடைக்கிறது என்றார். அவர் பொய் சொன்னால் வலது கால் கட்டைவிரல் தானாக ஆடும். கல்யாணமான முதல் மாசமே நான் கண்டுபிடித்தது அது, அவருக்கே தெரியாது. அன்றும் ஆடியது. நாயுடுபேட்டையில் எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்து, ஆறு மாசம் அவர் சட்டையை முகர்ந்து பார்த்துத் துவைத்தேன். டீசல் வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. விட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கொரோனா வந்து போன மறு வருஷம், மொபெட்டில் புத்தூருக்குப் போன என் வீட்டுக்காரர் வழியில் மயக்கம் வந்து ரோட்டோரம் விழுந்துவிட்டார். ஜல்லி ஏற்றிக்கொண்டு போன டிப்பர்காரர் ஒருவர் பார்த்து, வண்டியை ஓரங்கட்டி, தன் கேபினிலேயே தூக்கி உட்காரவைத்துப் புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த மனிதர் கிளம்பிவிட்டார். பேர்கூடத் தெரியாது. புத்தூரிலிருந்து திருப்பதிக்குக் கொண்டுபோனோம். தோள்பட்டையில் ஒரு எலும்பு விட்டிருந்தது, அது நன்றாகக் கூடியது. எல்லாரும் பிழைத்து வந்தாரே என்று சந்தோஷப்பட்டோம்.

ஆனால் வீட்டுக்கு வந்தவர் எங்கள் ஆள் இல்லை. அவர் பெரிய பேச்சுக்காரர். செக்போஸ்டாகட்டும் டீக்கடையாகட்டும், அவர் நின்றால் சுற்றி நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. சோற்றைப் பிசைவார், கையைக் கழுவிவிடுவார். வேப்பமரத்தடியில் நிற்கிற வண்டி கண்ணில் படாதபடி கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அரைஞாண் கயிறு இடுப்பிலிருந்து நழுவுகிறதென்று நான் இரண்டு முறை இறுக்கிக் கட்டினேன். மூன்றாம் முறை கட்டும்போது முடிச்சுக்குக் கீழே ஒரு சாண் கயிறு மிச்சம் தொங்கியது. இந்த ஆள் இப்படியே போய்விடுவார் என்று அன்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

மலைக்குப் போய் மொட்டை போட்டோம். மந்திரித்துத் திருநீறு போட்டோம். திருப்பதி ஆஸ்பத்திரியில் மறுபடியும் காட்டியபோது, உடம்பில் ஒன்றும் இல்லை, மாடியில் மனசு டாக்டர் இருக்கிறார், பாருங்கள் என்றார்கள். மாடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் நாற்பது பேரில் ஒருத்தி, தன் மாமியாருக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தவள், எங்களைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவள் மாதிரி போனாள். மறுநாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் அவர் காதிலேயே விழுந்திருக்கிறது, மேஸ்திரி வீட்டுக்காரருக்கு மூளை கலங்கிவிட்டது என்று. வீட்டுக்கு வந்து சொன்னார். "இன்னொரு தபா அங்க இட்டுனு போனா நடுரோட்டுல எறங்கிக்குவேன்." அந்த மாசத்தில் அவர் பேசியதிலேயே அதுதான் நீளம்.

மகளுக்குச் சொல்லி அழுதேன். அவள்தான் ஆன்லைன் கவுன்சிலிங் என்றாள். வீட்டிலேயே இருக்கலாம், போனில் முகம் பார்த்துப் பேசலாம், பஸ் ஏற வேண்டாம், பெஞ்சில் உட்கார வேண்டாம், யாருக்கும் தெரியாது என்றாள். யாருக்கும் தெரியாது என்ற இடத்தில்தான் நான் ஒத்துக்கொண்டேன்.

யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டிய காரியத்துக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு டாக்டரம்மா வீட்டுக்கு வருகிறாள் என்றுதான் என் மனசுக்குப் பட்டது. வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். அவருக்குச் சலவைச் சட்டை போட்டுத் தலை வாரிவிட்டேன். மரியாதைக்கு இருக்கட்டும் என்று என் தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் வரச்சொன்னேன். போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் ஒரு தட்டில் பிஸ்கெட்டும் டம்ளரில் காப்பியும் வைத்தேன். யாருக்காக வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

முதலில் பேசியது ஹைதராபாத்தில் இருக்கிற ஒரு தெலுங்கு அம்மா. தங்கமான பேச்சு. ஆனால் தெலுங்கு கேட்டதும் இவர் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அவுனு மேடம். லேது மேடம். அந்தா பாகுந்தி மேடம்." போலீசுக்கும் ஆர்டிஓவுக்கும் பேசிப் பழகிய தெலுங்கு அது. அந்த அம்மா லைசென்ஸ் கேட்டிருந்தால் எடுத்துக் காட்டியிருப்பார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறாரே என்று அந்த அம்மாவே குழம்பிப்போனார். இந்த இடத்தில் போன் வைத்தியத்துக்கு ஒரு நல்லது சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியாக இருந்தால் அதே டாக்டர்தான். லண்டன் பக்கத்திலிருந்தே மகள் எதையோ தட்டினாள், அடுத்த வாரம் தமிழ்ப் பெண் வந்துவிட்டாள்.

சின்ன வயசு. தெற்கத்திப் பேச்சு, வேலை சென்னையில். இவரை ஐயா என்றாள். நாங்கள் யார், எந்தத் தெரு, எந்த ஜாதி என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அவளை நாங்கள் சந்தையில் பார்க்கப்போவதில்லை. அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று எங்கள் மாதிரி ஊரில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

"சாப்பாடெல்லாம் எப்படி இருக்குங்கய்யா?" என்று கேட்டாள். சாப்பிடுவதே இல்லை என்று நான் சொன்னேன். தூக்கம் எப்படி என்றாள். விடிய விடிய விழித்திருக்கிறார் என்று நான் சொன்னேன். மனசுக்குள் என்ன ஓடுகிறது என்றாள். விழுந்த பயம் இன்னும் போகவில்லை என்று அதற்கும் நானே சொன்னேன். பிறகு அந்தப் பெண், நீங்கள் சொல்வது உதவியாகத்தான் இருக்கிறது அம்மா, ஆனால் ஐயா வாயால் கேட்க வேண்டும், கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்றாள். நாற்பது பேரைக் கட்டி மேய்த்தவளை என் வீட்டிலிருந்தே வெளியே போகச் சொல்கிறாள், என் மகள் வயசுகூட ஆகாத ஒருத்தி. தம்பியையும் அவன் பெண்டாட்டியையும் கிளப்பிக்கொண்டு வெளியே போனேன். எங்கள் வீடு ஒன்றரை ரூம். ஜன்னலுக்குக் கதவு இல்லை, சேலைதான் கட்டியிருக்கிறது. உள்ளே அவள், எத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிறீர்கள் என்று கேட்பது கேட்டது. அவர் யோசித்தார். நான் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "முப்பத்திரண்டு வருசம்" என்றேன்.

அன்று சாயந்திரம் மகள் போன் செய்து நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள். "அம்மா, அது நைனாவுக்கு நடக்கற கவுன்சிலிங். உன் ஃபாக்டரி லைன் இல்ல."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அந்தப் பாப்பாவுக்கு முகம் மட்டும்தானே தெரிகிறது, உன் நைனா பொய் சொன்னால் கால் கட்டைவிரல் ஆடும், அது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது, பக்கத்தில் இருக்கிற எனக்குத்தானே தெரியும் என்று கேட்டேன். மகள் சிரித்தாள். பிறகு, அது நிஜம்தான் அம்மா, போனில் அந்தக் குறை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டாள். அவள் ஒத்துக்கொண்ட பிறகு என் ரோசம் கொஞ்சம் இறங்கியது. சரி, இனி வாயைத் திறப்பதில்லை என்றேன்.

வாயைத் திறக்காமல் இருப்பது சரி. காதை என்ன செய்வது? ஒன்றரை ரூமில் நான் எங்கே போய் நின்றாலும் எனக்குக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். இரண்டு வாரம் அந்தப் பெண் கேட்பதும் இவர் உம் கொட்டுவதுமாகப் போனது. மூன்றாவது வாரம் நேரமானதும் அவரே எழுந்தார். போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். வண்டிக் கதவைத் திறந்து, உள்ளே ஏறி, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

விழுந்து எழுந்ததிலிருந்து அந்த வண்டியை அவர் தொட்டதில்லை. நான் அடுப்பில் வைத்ததை மறந்து நின்றேன். அவருடைய ஆயுசில் தனியாக இருக்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதானே. எங்கள் மாதிரி வீடுகளில் யாருக்குத் தனி ரூம் இருக்கிறது? மறுநாள் அந்தக் கேபினைத் துடைத்து, சீட்டுக்குப் புது டவல் விரித்து, டேஷ்போர்டில் போனைச் சாய்த்து வைக்க ஒரு செங்கல் துண்டைக் கழுவி வைத்தேன். அந்த வேலை மட்டும் எனக்கு மிச்சம் இருந்தது, அதைக் குறையில்லாமல் செய்தேன்.

வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைவது தெரியும், சத்தம் வராது. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டதில்லை. இதில் எனக்கு இருக்கிற பெருமையை எவரும் அறிய மாட்டார்கள். சோறு கொஞ்சம் இறங்க ஆரம்பித்தது. கட்டிலை மறுபடியும் வாசல் பக்கம் திருப்பிப் போட்டார்.

பிறகு ஒரு நாள், மாங்காய் முற்றுகிற மாசம், புழுக்கம் தாங்காமல் கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தார். கரண்ட் போயிருந்தது. எங்கள் பக்கம் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். மோர் கொடுக்கலாம் என்று டம்ளரோடு போனேன். அவர் போனைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத்தான் பேச வேண்டுமென்று இல்லை, எங்கே வேண்டுமானாலும் பார்த்துப் பேசுங்கள் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாளாம்.

"செகண்டு கியரு போட்டேன் பாப்பா. நிக்கறதுக்குத்தான் போட்டேன். பால்காரன். சைக்கிள் ஒரு பக்கம், கேனு ஒரு பக்கம். எவனோ இடிச்சிட்டுப் போய்க்கீறான். நான் இடிக்கல. என் வண்டியப் பாத்து கைய தூக்கினான். அப்புறம் இன்னா தோணிச்சோ, மறுபடியும் தேர்டுக்கு மாத்திகினு போய்ட்டேன்."

நான் கதவோரம் ஒதுங்கினேன்.

"லோடு எறக்கிட்டு மத்தியானம் திரும்பி வந்தேன். ஆளு இல்ல. கேனு மட்டும் வேலியாண்ட கெடந்துச்சி. பொழைச்சானா, போய்ட்டானா, இன்னி வரிக்கும் தெரியாது. யாரையும் கேக்கல. அந்த ரோட்டயே உட்டுட்டேன். இப்ப என்ன மட்டும் ஒருத்தன் நின்னு தூக்கினு போனான் பாரு."

அப்போதுதான் போன் என் கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணின் முகம் அதில் இல்லை. கறுப்பில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. லைன் எப்போதோ கட்டாகிவிட்டது. அவ்வளவு வருஷம் உள்ளே வைத்திருந்ததை இந்த மனிதர் செங்கல் துண்டில் சாய்ந்திருந்த வெறும் போனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். சமையல்கட்டில் உட்கார்ந்து அந்த மோரை நானே குடித்தேன். அந்த ரோடு எது, அந்த லோடு எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாயுடுபேட்டை ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. எங்கேயும் நிற்காமல் வா என்று அனுப்பியவள் யார் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் அவர் சொன்னதில் நான் இல்லை. இன்னா தோணிச்சோ என்று சொல்லி என்னை விட்டுவிட்டார்.

வண்டியிலிருந்து இறங்கி வந்தவர், அன்றைக்கு இரண்டு உருண்டை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பல மாசத்துக்குப் பிறகு, தொட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்றார். நான் ஊற்றினேன். லைன் கட்டான விஷயத்தை எப்படிச் சொல்வது? சொன்னால், சொல்லி முடித்துவிட்டோம் என்று இறக்கிவைத்ததை மறுபடியும் தூக்கிக்கொள்வார். ஒட்டுக்கேட்டேன் என்பதும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், அடுத்த வாரம் அந்தப் பெண் ஒன்றும் தெரியாதவளாக வேறு எதையோ கேட்பாள். இவர், இவ்வளவு சொல்லியும் இவளுக்கு ஒன்றுமே இல்லையா என்று நினைத்து ஒரேயடியாக மூடிக்கொள்வார். நாற்பது பெண்களின் பஞ்சாயத்தைத் தீர்த்தவளுக்கு இதற்கு வழி தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை போனில் அந்தப் பெண் பேசி அனுப்பிய செய்தி வந்தது. எழுத்தாக இருந்தால் எனக்கு நேரமாகியிருக்கும், குரல் என்பதால் அமுக்கிக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு நடுவில் லைன் போய்விட்டது, நீங்கள் பால்காரர் என்று ஆரம்பித்ததுமே கட்டாகிவிட்டது, பலமுறை கூப்பிட்டும் கிடைக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் ஐயா என்றது அந்தக் குரல். அவர் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அதை அழித்துவிடலாம். எப்படி அழிப்பது என்று மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். விரலைக்கூட வைத்துவிட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். இது அவருக்கு வந்தது. அவர் பதிலை நான் சொன்னது போதாதென்று, அவருக்கு வந்ததையும் நான் வாங்கிக்கொள்வதா?

கொல்லைக்குப் போய்ச் சொன்னேன். "ந்தா. அன்னிக்கி லைன் கட்டாயிடுச்சாம். அந்தப் பாப்பாவுக்குக் கேக்கல. எனக்குத்தான் கேட்டுது."

வாயில் இருந்த தண்ணீரைத் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எம்மாம் கேட்டுது?"

"செகண்டு கியருலேர்ந்து."

அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. கட்டில் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பியது. கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை. கவுன்சிலிங் நாள் வந்தது. நேரமானதும் எழுந்து போனை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். கதவைத் திறந்தார். ஏறாமல் நின்று என்னைப் பார்த்தார்.

"வா. ஏறு."

அந்தப் பக்கத்து சீட்டில் நான் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு அவர்தான் கை கொடுத்து ஏற்றினார். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், அம்மா இருப்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று அவரைக் கேட்டாள். நான்தான் கூப்பிட்டேன் என்றார். பிறகு முதலிலிருந்து சொன்னார். பால் கேன், தூக்கின கை, செகண்டு, தேர்டு, வேலியோரம் கிடந்த கேன். நான் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் வாயை மூடி இருந்தது அன்றுதான்.

எல்லாம் கேட்டுவிட்டு, அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "நிக்காம போயிரணும்னு அப்ப ஏன்யா தோணுச்சு?"

"பழம் அழுவிப்பூடும்மா. அதான்."

கீழே, பிரேக்குக்குப் பக்கத்தில், அவர் வலது கால் கட்டைவிரல் ஆடியது. போனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது.

முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். "பாப்பா, நான் ஒண்ணு சொல்லணும்."

அவள் கோபப்படவில்லை. "அம்மா, இது ஐயாவோட பதிலா, உங்க பதிலா?"

"என் பதிலு கண்ணு. எங்கியும் நிக்காம வான்னு சொல்லி அனுப்பினது நான். அன்னிக்கி மட்டும் இல்ல, தெனமும். அதுக்கு மின்ன ஒரு தபா நின்னுட்டு வந்தாருன்னு, நாப்பது பேரு எதிர்ல நிக்கவெச்சித் திட்டினதும் நான்தான்."

நான் அழவில்லை. ஃபாக்டரியில் என் லைனில் தப்பு நடந்தால் யார் செய்தாலும் என் தப்பு என்று சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்பவள் நான். அப்படித்தான் அன்றும் நின்றேன். வீட்டில் அப்படி நின்றது அதுதான் முதல் முறை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது எனக்குத் தெரியாதா? நீ ஃபாக்டரி கேட்டாண்ட நின்னுகினு இருந்த. பிரேக்கு என் கால் கீழதான இருந்துச்சி."

விரல் ஆடவில்லை.

போனிலிருந்து சத்தமே இல்லை. மறுபடியும் போய்விட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அவர் குனிந்து, "லைன்ல கீறியா பாப்பா?" என்றார்.

"இருக்கேன்யா."

"கேட்டுதா?"

"கேட்டுச்சுய்யா. எல்லாம் கேட்டுச்சு."

அதற்குப் பிறகும் நான்கு மாசம் பேசினார்கள். நான் மறுபடியும் வெளியேதான், அடுப்பு வேலையோடு. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். இன்னமும் சில நாள் கட்டில் சுவர்ப்பக்கம் திரும்பும். ஆனால் அரைஞாண் கயிற்றைப் போன பொங்கலுக்குத் தளர்த்திக் கட்டினேன். கீரைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். போனில் பேசுகிறவளுக்கு முகம்தான் தெரியும், கால் தெரியாது. டவர் நேரங்காலம் பார்க்காமல் போய்விடும். ஆனால் அவள் நம் ஊர்க்காரி இல்லை, அதனால்தான் இவர் வாயைத் திறந்தார். முதலில் உங்கள் வீட்டில் கதவு சாத்துகிற இடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எங்கள் வண்டி சும்மாதான் நிற்கிறது, வந்து உட்காரட்டும் என்பேன். பெங்களூர்ப் பையனின் அம்மா ஒரு நாள் வந்து கேபினை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வண்டி எப்போதும் சும்மா நிற்பதில்லை. போன சீசனில் பாட்டரியை மாற்றிப் போட்டு, நானே முதல் லோடு கொண்டுவருகிறேன் என்றார். சித்தூர் ரோடுதான். கிளம்பும்போது பழைய சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "பாத்து வா" என்றேன்.

அன்றைக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். என் பெண்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழியில் யாரோ பெரியவரின் மொபெட் பஞ்சராம், அவரையும் மொபெட்டையும் ஏற்றிப் புத்தூரில் இறக்கிவிட்டு வந்தாராம். புத்தூர் இந்தப் பக்கமே இல்லை, திரும்பிப் போயிருக்கிறார். சூப்பர்வைசர் இப்போது புதுப் பையன். லோடு ஏன் லேட் என்று அவரிடம் போய்க் கேட்டான். அவரே பதில் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன்.

"நின்னேன்" என்றார் அவர்.

அந்தப் பையன் புரியாமல் என் பக்கம் திரும்பினான். நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "கேட்டுச்சில்ல? என் ஊட்டுக்காரரு வழியில நின்னுட்டு வந்திருக்காரு. பெல்ட்ட போடு."